விட்ட மறுநாளுக்கான செயலி: லூப் ஹேபிட் டிராக்கர் மதிப்புரை

பழக்கங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் செயலிகளை மதிப்பிட நான் ஒரே கேள்வியைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்: ஒரு நாளைத் தவறவிட்ட மறுநாள் காலை அதைத் திறந்தால், அது நமக்கு எதைக் காட்டுகிறது? தவறாமல் செய்துவருகிற நாட்களில் எல்லாச் செயலிகளும் நன்றாகத்தான் இருக்கும்; அந்த நாட்களுக்குச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் ஒரு பேனாவுமே போதும். காய்ச்சலோ, நள்ளிரவு வரை இழுத்துக்கொண்டுபோன அலுவலக வேலையோ, காரணம் சொல்ல முடியாத சோர்வோ வந்து ஒரு நாளைக் கொண்டுபோன பிறகு, விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவதற்கு மனத்தைத் தயார்செய்வதுதான் கடினம். நான் பயன்படுத்திப் பார்த்தவற்றுள் அந்தக் கடினமான இடத்தில் கைகொடுப்பது லூப் ஹேபிட் டிராக்கர் என்ற ஆண்ட்ராய்டு செயலி. நீண்ட காலம் அதோடு பழகியபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இது திறந்த மூல மென்பொருள், அதாவது இதன் நிரலை எவரும் பார்க்கலாம்; இலவசமானது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லி மின்னஞ்சல் முகவரி கேட்பதில்லை, இணைய இணைப்பு இல்லாமலே முழுமையாக வேலை செய்கிறது. கூகுள் பிளேயிலும், திறந்த மூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கிறது. திறந்தவுடன் தெரிவது ஒரு கட்டம்: நாம் வளர்க்க விரும்பும் பழக்கங்கள் வரிசை வரிசையாக ஒரு பக்கமும், அண்மைய நாட்கள் மறுபக்கமும் இருக்கும், செய்து முடித்த நாளில் விரலை அழுத்திப் பிடித்தால் சரிக் குறி விழும். அழுத்திப் பிடிப்பது சிரமமாக இருந்தால், ஒருமுறை தொட்டாலே குறி விழுமாறு அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். வாழ்த்து மழையோ, பதக்கமோ, துள்ளிக் குதிக்கும் பொம்மையோ இதில் இல்லை. இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. செய்த வேலையின் நிறைவு அந்த வேலையிலிருந்தே வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஏற்றது.

இந்தச் செயலியின் உயிர்நாடி அது கணக்கிடும் பழக்க வலிமை என்ற சதவீதம். பிற செயலிகளில் பெரும்பாலானவை இடைவிடாமல் செய்த நாட்களை எண்ணுகின்றன. ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போய்விடும். லூப்பிலும் மிக நீண்ட தொடர்களைக் காட்டும் ஒரு பகுதி உண்டு என்றாலும், முதன்மையாக அது காட்டுவது இந்த வலிமையைத்தான். ஒவ்வொரு நாளும் பழைய மதிப்பில் பெரும்பங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அன்று செய்தோமா இல்லையா என்பதற்கேற்பச் சிறிதளவு கூட்டியோ குறைத்தோ புதிய மதிப்பைக் கணக்கிடுகிறது. அன்றாடம் செய்யவேண்டிய ஒரு பழக்கத்தைத் தவறாமல் செய்தால், முதல் வாரத்தின் முடிவில் வலிமை ஏறக்குறைய 31 சதவீதத்தையும், ஒரு மாதத்தில் 80 சதவீதத்தையும், இரண்டு மாதங்களில் 96 சதவீதத்தையும், மூன்று மாதங்களில் 99 சதவீதத்தையும் எட்டும். இரண்டு மாதங்கள் முடிந்த நிலையில் ஒரு நாள் தவறினால் 96 என்பது 91 ஆகும். அவ்வளவுதான். இரண்டு மாத உழைப்பு ஒரே இரவில் அழிந்துபோனதாக எந்த அறிவிப்பும் வருவதில்லை.

இது வெறும் கணக்கு வேறுபாடு அன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் பத்து நாளுக்கு ஒரு நாள் மட்டும் நடைப்பயிற்சியைத் தவறவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் அவர் 329 நாட்கள் நடந்திருப்பார். எந்த அளவுகோலில் பார்த்தாலும் அவர் விடாமுயற்சி உள்ளவரே. ஆனால், இடைவிடாத நாட்களை மட்டும் எண்ணும் செயலியில் அவருடைய எண்ணிக்கை ஒருபோதும் ஒன்பதைத் தாண்டாது. பத்தாவது நாள்தோறும் அது அவரைத் தொடக்கக் கோட்டுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். லூப்பில் அதே மனிதரின் வலிமை 90 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். இவ்விரு எண்களில் எது அவருடைய வாழ்க்கையை உண்மையாகச் சொல்கிறது என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கமே சாய்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்தி, 2010-இல் அச்சில் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாகவே நிகழும் பழக்கமாக மாறுவதற்கு நடுமதிப்பாக 66 நாட்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. தொடக்கத்தில் வேகமாக ஏறி, பிறகு மெல்ல மெல்ல ஓர் உச்சத்தை நெருங்கும் வளைகோடாகப் பழக்கத்தின் வளர்ச்சியை அவர்கள் வரைந்தார்கள். லூப்பின் வலிமைக் கோடும் அதே வடிவில்தான் ஏறுகிறது. மறுபுறம், உணவுக் கட்டுப்பாடு பற்றி ஜேனட் பொலிவியும் பீட்டர் ஹெர்மனும் செய்த ஆய்வுகள், கட்டுப்பாட்டை ஒருமுறை மீறிவிட்டவர்கள் ‘இனி எப்படிப் போனால் என்ன’ என்று மேலும் அதிகமாக உண்ணும் போக்கைப் பதிவுசெய்தன. பூச்சியத்தைக் காட்டும் எண்ணிக்கை இந்த மனநிலைக்குத்தான் எண்ணெய் வார்க்கிறது என்பது என் கணிப்பு. தவறிய ஒரு நாளைவிட, அதைத் தொடர்ந்து மனம் தளர்ந்து விட்டுவிடும் பல நாட்களே ஒரு பழக்கத்தை முடித்துவைக்கின்றன.

இதே இடத்தில்தான் இந்தச் செயலிமீது எனக்குள்ள முதன்மையான குறையையும் சொல்ல வேண்டும். வலிமை ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் எல்லோருக்கும் எல்லாப் பழக்கங்களுக்கும் ஒரே சூத்திரத்தால் முடிவாகின்றன. 18 முதல் 254 நாட்கள் வரை மனிதர்கள் வேறுபடுகிறார்கள் என்னும்போது, எழுந்தவுடன் ஒரு குவளை தண்ணீர் குடிப்பதும் முதுகுவலிக்காக அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்வதும் மூன்று மாதங்களில் 99 சதவீதத்தை எட்டிவிடுவதாகக் காட்டுவது பொருத்தமில்லை. தண்ணீர் குடிப்பது அதற்குள் இயல்பாகிவிட்டிருக்கலாம். உடற்பயிற்சிக்கோ ஒவ்வொரு நாளும் இன்னும் மனத்தை உந்த வேண்டியிருக்கும். எனவே இந்தச் சதவீதத்தை அண்மைக் காலத்தில் நாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தோம் என்பதன் அளவாகப் படிக்க வேண்டுமேயொழிய, பழக்கம் நமக்குள் எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது என்பதன் அளவாகப் படிக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. 80 சதவீதத்தில் இருக்கும்போது ஒரு நாளை விட்டால் நான்கே நாட்களில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். 96-இல் இருக்கும்போது விட்டால் மீண்டும் 96-ஐத் தொட இரண்டு வாரத்துக்கும் சற்று மேலாகும். உச்சியில் நிற்பவருக்கு இது சற்றே உறுத்தும். அந்த உறுத்தலுக்கு நான் கண்ட மருந்து, 90-க்கு மேலுள்ள எந்த எண்ணையும் ஒன்றாகவே கருதிக்கொள்வது.

அன்றாடம் என்ற சொல்லைக் கைவிட அனுமதிப்பது லூப்பின் இன்னொரு பெரிய நன்மை. வாரம் மூன்று முறை, மாதம் இரண்டு முறை, நான்கு நாளுக்கு ஒருமுறை என்று எந்த இடைவெளியையும் இலக்காக வைக்கலாம். வாரத்துக்கு மூன்று என்று வைத்து மூன்றையும் முடித்துவிட்டால், எஞ்சிய நாட்களையும் செயலியே மங்கலான குறியிட்டு நிறைவேறியவையாகக் கணக்கில் கொள்கிறது. ஓய்வுநாள் குற்றமாகத் தெரிவதில்லை. வேலையை நன்றாகச் செய்ய விரும்புகிறவர்கள் இந்த வசதியைக் கூர்ந்து பயன்படுத்த வேண்டும். கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, நீண்ட நாள் பேசாத நண்பரை அழைப்பது, மாதக் கணக்கைச் சரிபார்ப்பது ஆகியவற்றை நாள்தோறும் செய்யவேண்டியதில்லை. ஆனால் யாரும் நினைவூட்டாவிட்டால் அவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும். இப்படிப்பட்ட அரைகுறை அவசரமுள்ள காரியங்களே ஒழுங்கான வாழ்க்கையின் பெரும்பகுதி என்று நான் நினைக்கிறேன். அவற்றுக்குச் சரியான இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் செயலியில் நாம் செய்யும் மிகப் பயனுள்ள சிந்தனை.

ஆம், இல்லை என்று குறிக்கும் பழக்கங்களோடு, எண்ணால் அளக்கும் பழக்கங்களும் உண்டு: படித்த பக்கங்கள், நடந்த தூரம், எழுதிய சொற்கள். குறைந்தது இவ்வளவு என்றோ, இதற்கு மேல் போகக் கூடாது என்றோ இலக்கு வைக்கலாம். திரை பார்க்கும் நேரத்தைக் குறைக்க நினைப்பவர்களுக்குப் பின்னது உதவும்.

ஒவ்வொரு பழக்கத்துக்கும் பெயருடன் ஒரு கேள்வியையும் எழுதி வைக்க இடமிருக்கிறது. நினைவூட்டல் வரும்போது அந்தக் கேள்விதான் திரையில் தெரியும். பலர் இதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் செயலியின் பாதிப் பயன் இந்தச் சிறிய பெட்டியில்தான் இருக்கிறது. ‘இன்று படித்தாயா?’ என்று எழுதுவதற்கும், ‘இரவு விளக்கை அணைக்கும் முன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கமாவது படித்தாயா?’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. முதல் கேள்வி ஆசையை மட்டும் சொல்கிறது. இரண்டாவது கேள்வியில் நேரம், இடம், குறைந்த அளவு ஆகிய மூன்றும் அமைந்துவிடுகின்றன. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பவர்கள் தங்கள் நோக்கத்தை நிறைவேற்றும் வாய்ப்புக் கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் நிறுவிய செய்தி. லூப் இதைப் பற்றி எதுவும் சொல்லித்தருவதில்லை. ஆனால் அதற்கான இடத்தைத் தந்திருக்கிறது.

நோய், பயணம் போன்ற காரணங்களால் விட நேர்ந்த நாட்களை, தவறிய நாளாகக் கொள்ளாமல் தாண்டிச் செல்லும் வசதியையும் அமைப்புகளில் இயக்கிக்கொள்ளலாம். அப்படிக் குறித்த நாளில் வலிமை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இது தாராளமான வசதி. அதனாலேயே கவனம் தேவை. எந்தக் காரணங்களுக்கு இதைப் பயன்படுத்துவேன் என்று உடலும் மனமும் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எழுதிவைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலுக்கு வெளியே போகாமல் இருப்பது நல்லது.

எத்தனை பழக்கங்களைச் சேர்க்கலாம் என்பதற்குச் செயலி எல்லை வகுப்பதில்லை. வகுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூட எண்ணுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளிலேயே தியானம், உடற்பயிற்சி, புதிய மொழி, நாட்குறிப்பு, அதிகாலை எழுவது என்று பன்னிரண்டு வரிகளை நிரப்பிவிடுகிறார்கள். அந்தக் கட்டம் ஒரு வாரத்தில் மேற்பார்வையாளரின் வருகைப் பதிவேடுபோல் ஆகிவிடுகிறது. மூன்று அல்லது நான்கு போதும். ஒன்று நன்றாக நிலைத்துவிட்டால் அதை நீக்கவேண்டியதில்லை. காப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் புதிய ஒன்றுக்கு இடம்தரலாம். பழைய பதிவுகள் அப்படியே இருக்கும்.

ஒரு குறி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதிலும் தெளிவு வேண்டும். அரைமணி நேரம் எழுதினேன் என்று அது சொல்லும். முழு மனத்தோடு எழுதினேனா, பாதி நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேனா என்று சொல்லாது. குறிப்பிட்ட நாளுக்கு ஒரு சிறு குறிப்பை எழுதிவைக்க முடிவதால் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யலாம். ‘தொலைபேசியை வேறு அறையில் வைத்தேன், நன்றாக ஓடியது’ என்பதுபோன்ற ஒரு வரி, பின்னாளில் எந்த வரைபடத்தையும்விட அதிகமாகக் கற்றுத்தரும். வீட்டில் உள்ளவர்களிடம் கனிவாகப் பேசுவது, உடன் பணியாற்றுபவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது போன்றவற்றை இதில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கனிவு குறி பெறுவதற்காகச் செய்யும் வேலையாகிவிட்டால் எதிரில் இருப்பவர் அதை உடனே உணர்ந்துவிடுவார்.

வரைபடங்களில் எனக்குப் பயன்படுவது, வாரத்தின் எந்த நாளில் எவ்வளவு முறை செய்திருக்கிறோம் என்று புள்ளிகளின் அளவால் காட்டும் படம்தான். ஒரு குறிப்பிட்ட கிழமையில் புள்ளி தொடர்ந்து சிறியதாக இருந்தால் அங்கே மனஉறுதியைக் குறை சொல்வதில் பொருளில்லை; அந்தக் கிழமையின் வேலை அமைப்பைப் பார்க்க வேண்டும். அன்று கூட்டங்கள் நெருக்கமாக இருக்கலாம், வீட்டுக்கு வரத் தாமதமாகலாம். அந்த நாளுக்கான நேரத்தை மாற்றுவதோ, அந்த நாளை இலக்கிலிருந்தே விடுவிப்பதோ நேர்மையான தீர்வு. மற்ற வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இறுதியாக, நிறுவும் முன் தெரிந்திருக்கவேண்டிய வரம்புகள். ஐஃபோனுக்கு இந்தச் செயலி இல்லை. இரண்டு கருவிகளுக்கிடையே தானாக ஒத்திசைக்கும் வசதியும் இல்லை. பதிவுகள் எல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே தங்குகின்றன. நம் தினசரி வாழ்க்கையின் விவரங்கள் வேறு யாருடைய கணினியிலும் சேராமல் இருப்பதற்கு நாம் தரும் விலை இது என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கைப்பேசி தொலைந்தால் பதிவுகளும் தொலையும். அமைப்புகளில் முழுக் காப்புப் பிரதி எடுக்கும் வசதியும், விரிதாளில் திறக்கக்கூடிய கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை காப்புப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் சேமிப்பதை லூப்பிலேயே ஒரு மாதப் பழக்கமாகச் சேர்த்துவிடுங்கள். புதிய கைப்பேசியில் செயலியை நிறுவி, அமைப்புகளில் அந்தக் காப்புப் பிரதியை இறக்குமதி செய்தால், பழைய குறிகள் அனைத்தும் இருந்தபடியே வந்து சேரும்.