டேபிள் சா: முதல் செட்டிங்கும் நாள்பட்ட ஓட்டமும்

வீட்டுப் பட்டறைக்கு 10 அங்குல பிளேடு கொண்ட ஜாப்சைட் டேபிள் சா (மேஜை நடுவே பிளேடு சுழலும், தூக்கிச் செல்லக்கூடிய மர அறுவை மெஷின்) போதுமா என்று கேட்பவர்கள் முதலில் பார்ப்பது மோட்டார் எத்தனை வாட்ஸ் என்பதைத்தான். வருடக்கணக்கில் ஓட்டிய பிறகு அந்த எண்ணுக்குப் பெரிய மதிப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. கூர்மையான பிளேடு போட்டு நிதானமாகத் தள்ளினால் 1800 வாட் மோட்டார் 2 அங்குலக் கடின மரத்தையும் அறுத்துவிடும். பிளேடும் ஃபென்ஸும் (பலகையை அணைத்துத் தள்ளும் பக்கவாட்டுத் தடுப்பு) அரை மில்லிமீட்டர் கோணிக்கொண்டு நின்றால் சாதாரணப் பலகைகூட விளிம்பு கருகித்தான் வெளியே வரும்.

அட்டைப்பெட்டியில் வரும் மெஷினை ஃபேக்டரி செட்டிங் என்று நம்பி ஓட்டக்கூடாது. வண்டியில் ஏற்றி இறக்கும்போதே போல்ட்டுகள் நகர்ந்திருக்கலாம். சரிபார்க்கும் வரிசையும் முக்கியம். மேஜையில் பிளேடுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மைட்டர் பள்ளம் வார்ப்பிலேயே கடைந்தது, அதை நகர்த்த முடியாது. அதனால் பிளேடை முதலில் பள்ளத்துக்கு இணையாக்க வேண்டும், பிறகு ஃபென்ஸ், பிறகு ரிவிங் நைஃப் (பிளேடுக்குப் பின்னால் நின்று அறுத்த பிளவு மூடாமல் பிடிக்கும் தகடு), கடைசியாக 90, 45 டிகிரி ஸ்டாப்புகள் (பிளேடின் சாய்வை அந்தக் கோணத்தில் முட்டி நிறுத்தும் ஸ்க்ரூக்கள்). ஃபென்ஸில் ஆரம்பித்தால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டி வரும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் குறி போடுங்கள். பள்ளத்தில் நகரும் மைட்டர் கேஜில் ஒரு ரீப்பர் துண்டை கிளாம்ப் செய்து, அதன் முனையில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கி, ஸ்க்ரூத் தலை குறி போட்ட பல்லை லேசாக உரசும்படி முன்பக்கம் வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கேஜையும் பின்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் அதே பல்லைப் பிடிப்பதால் பிளேடில் இருக்கும் சின்ன நெளிவு கணக்கில் சேராது. இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) அளந்தால் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே துரத்திக்கொண்டு போவது மர வேலைக்குத் தேவையில்லை.

வித்தியாசம் அதிகமாக இருந்தால் மேஜைக்கு அடியில் மோட்டாரைத் தாங்கும் சட்டமான டிரனியனின் போல்ட்டுகளில் மூன்றை நன்றாகவும் ஒன்றைக் கொஞ்சமாகவும் தளர்த்தி, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி நகர்த்த வேண்டும். போல்ட்டை இறுக்கும்போதே டிரனியன் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஆகவே எதிரெதிர் மூலையாக இறுக்கி, இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். பிளேடை 45 டிகிரிக்குச் சாய்த்தும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். 90-ல் சரியாக இருந்து 45-ல் விலகினால் டிரனியனின் ஒரு முனைக்கும் மேஜைக்கும் நடுவே மெல்லிய வாஷர் கொடுக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிட்டு, சாய்வு வெட்டு கருகும்போது பிளேடைக் குறை சொல்கிறார்கள்.

ஃபென்ஸ் பள்ளத்துக்கு இணையாக இருக்கலாம், அல்லது பின்முனை 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு பிளேடை விட்டு விலகியிருக்கலாம். பின்முனை பிளேடை நோக்கி நெருங்கவே கூடாது. நெருங்கினால் பலகை பின்பற்களுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே சிக்கி, தள்ளுபவரை நோக்கியே எகிறும். நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் 10 அங்குல பிளேடின் விளிம்பு வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். பலகை எகிறிய பிறகு கையை எடுக்க நேரம் இருக்காது. ஃபென்ஸ் எப்படி நிற்கிறது என்பதை வெட்டு விளிம்பே சொல்லும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளைந்த கோடுகள் தெரியும். ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள் மட்டும் இருந்தால் முன்பற்கள்தான் வெட்டுகின்றன. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும் கோடுகள் இருந்தால் பின்பற்களும் மரத்தை உரசுகின்றன. உரசல் லேசாக இருந்தால் பாதகமில்லை. கருகலும் சேர்ந்தால் ஃபென்ஸை மறுபடி அளக்க வேண்டும்.

ரிவிங் நைஃப் கூடவே வந்தது, பொருந்திவிடும் என்று விட்டுவிடுவார்கள். பிரச்சினை பிளேடு மாற்றும்போது வருகிறது. நைஃபின் தடிமன் பிளேடுத் தகட்டை விட அதிகமாகவும், பல் போடும் வெட்டின் அகலத்தை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். தகடு 1.8, வெட்டு 2.6 மில்லிமீட்டர் என்றால் நைஃப் 2.2 சரி. அதே மெஷினில் 2 மில்லிமீட்டர் வெட்டுப் போடும் மெல்லிய பிளேடு மாட்டினால் பலகை நைஃபில் முட்டி நின்றுவிடும். உடனே நைஃபைக் கழற்றி வைத்துவிட்டு அறுக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள், பிளேடை மாற்றுங்கள். தேவையான எண் பெரும்பாலும் நைஃபிலேயே பொறித்திருக்கும். பிளேடுக்கும் நைஃபுக்கும் இடைவெளி 3 முதல் 8 மில்லிமீட்டர்.

கூட வரும் பிளேடு மாதிரிக்குத்தான் ஆகும். இழை வாக்கில் நீளமாக அறுக்க 24 பல், பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 பல் என்று இரண்டு நல்ல பிளேடு வாங்குவதில்தான் பணம் போக வேண்டும். இரண்டையும் ஒரே வெட்டு அகலத்தில் வாங்கினால் நைஃபும் ஃபென்ஸ் ஸ்கேலும் அப்படியே பொருந்தும்.

நாள்பட்ட ஓட்டத்தில் எது நிலைத்தது என்று பார்த்தால், டிரனியன் செட்டிங் நன்றாகவே நிலைக்கிறது. முதல் சில வாரத்தில் ஒரு முறை மறுஇறுக்கம் கொடுத்தால் போதும். அடிக்கடி தொல்லை தருவது 90 டிகிரி ஸ்டாப். சாய்வு வெட்டு போட்டுவிட்டு பிளேடை நிமிர்த்தும்போது, ஸ்டாப் ஸ்க்ரூவின் முனையில் மரத்தூள் அப்பளம் போல அழுந்தி ஒட்டிக்கொள்ளும். கைப்பிடி வழக்கம்போல முட்டி நிற்கும், பிளேடு மட்டும் கால் டிகிரி சாய்ந்தே இருக்கும். ஸ்க்ரூவைத் திருகி அட்ஜஸ்ட் செய்தால், பிறகு தூள் உதிரும்போது செட்டிங் மறுபக்கம் தப்பிப்போகும். பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதே சரி.

உயரம் ஏற்றும் கியர் இறுகினால் கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸும் தூளும் சேர்ந்து பசையாகி இன்னும் இறுகும். பழசைத் துடைத்துவிட்டு உலர்ந்த வகை லூப்ரிகன்ட் அல்லது மெழுகு போட்டால் நீண்ட நாள் தாங்கும். மேஜைக்கும் மெழுகுதான், ஆனால் சிலிகான் கலக்காததாக இருக்க வேண்டும். சிலிகான் பலகையில் ஒட்டினால் பாலிஷ் அந்த இடத்தில் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம், காதுக்கு மறைப்பு இல்லாமல் ஓட்டவே முடியாது. வேக்குவம் மாட்டினாலும் மேஜைக்கு மேலே பறக்கும் தூளைப் பிடிக்காது, மாஸ்க் வேண்டும். முழு பிளைவுட் ஷீட்டைத் தள்ளினால் ஸ்டாண்டோடு சேர்ந்து சாயப் பார்க்கும். பின்னால் மேஜை மட்டத்தை விட 2 மில்லிமீட்டர் தாழ்வாக ஒரு தாங்கு மேஜை போட்ட பிறகுதான் ஷீட் வேலை பயமில்லாமல் நடக்கும். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையே, முடிந்த வரை குட்டையாக, பயன்படுத்துங்கள். வேகம் ஏறி இறங்கி, மோட்டாரின் காற்றுத் துளை வழியே வழக்கத்தை விடப் பெரிய தீப்பொறி தெரிந்தால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பிரஷ்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.