வீட்டுக்கு எது: வைஃபை கமராவா, டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியோடு வரும் கமராவா?
மட்டக்களப்பில் தனியே இருக்கும் அம்மா அப்பாவை வெளிநாட்டிலிருந்து பார்க்க வைஃபை கமராதான் சுலபம். ஆனால் படம் பெரும்பாலும் கம்பனியின் சேவர் வழியாகவே வரும். கம்பனி அப்டேட்டை நிறுத்தினால் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே கிடக்கும். எதுவரை அப்டேட் தருவார்கள் என்று கடையில் கட்டாயம் கேளுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து அதை அறிவிப்பது சட்டம். சிங்கப்பூர் அரசின் இணையப் பாதுகாப்பு லேபிள் இருந்தால் இன்னும் நல்லது. அதில் 4 நிலைகள் உண்டு.

டிவிஆரில் பதிவு வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். சரி, அதை இன்டர்நெட்டில் இணைத்தால்? 2016இல் மிராய் வைரஸ் பிடித்தவற்றில் டிவிஆர்களும் இருந்தன. கம்பனி வைத்தபடியே மாற்றாமல் விட்ட கடவுச்சொல்தான் காரணம்.

வீட்டுக்குள்ளே என்றால் இன்டர்நெட்டில் இணைக்காத டிவிஆரையே சொல்வேன். வாசலுக்கு வைஃபை போதும். கமராவைப் பூட்டித் தரும் தம்பி வைத்த கடவுச்சொல்லை மட்டும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.