பெத்தகான ஈரநிலப் பூங்கா: விடியவே போங்கோ

வெள்ளவத்தையிலிருந்து அப்பாவோடு ஞாயிறு விடியவே ஆட்டோவில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைக்குப் போனோம்; பூங்கா அங்கேதான். கிட்டத்தட்ட 18 ஹெக்டேயர் சதுப்பு நிலம். மரப்பலகை நடைபாதையில் ஏறி இரண்டு நிமிடத்தில் வாகன இரைச்சல் அடங்கிவிடுகிறது.

பறவை பார்க்கும் மறைவிடத்தில் அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தோம். நீலத் தாழைக்கோழி ஒன்று குஞ்சுகளோடு நாணலுக்குள் நடந்தது. நத்தைகுத்தி நாரை சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையை இழுத்தெடுத்ததைப் பார்த்த அப்பா, என் கையை இறுக்கிப் பிடித்தார். 78 வயதில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். கொழும்பின் ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனையும் வாழ்கிறது. அது இரவுப் பிராணி, எங்கள் கண்ணில் படவில்லை.

எனக்கு இது பொழுதுபோக்கு இடம் மட்டும் இல்லை. 2010 நவம்பர் மழையில் தியவன்னா ஓயா பெருகி நாடாளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. மழைநீரைத் தாங்கிப் பிடித்து மெல்ல விடுவது இந்தச் சதுப்புகள்தான். மண் போட்டு நிரப்பினால் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்தான் வரும். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததும் இவற்றால்தான்.

ஒரு குடும்பம் பிஸ்கட் உறையை நீரில் போட்டது. மனம் கொதித்தது. தயவுசெய்து குப்பையைப் பையில் திருப்பிக் கொண்டுவாருங்கோ.

தொப்பி, தண்ணீர்ப் போத்தல், நுளம்பு எண்ணெய் அவசியம். பூங்காவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. அடுத்த மாதம் பிள்ளைகளோடு தியசரு பூங்காவுக்கும் போகிறோம்.