"பத்தாயிரமாக்கிப் போடுவமா அக்கா?"

கடை வைத்திருக்கிறவர்கள் ஒருக்கால் வாசியுங்கள், முக்கியமாகக் காசு லாச்சியில் தனியாக இருக்கிறவர்கள்.

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு முதல் நாள் பின்னேரம். ஆடி அமாவாசைச் சனம் அமிர்தகழிப் பக்கம் போனபடியே இருந்தது; என் கடையில் நிற்க இடமில்லை. ஹெல்மெட் கழற்றாமல் ஒரு தம்பி வந்தார் (தம்பி என்று எழுதவே கை கூசுகிறது). சோடா வாங்கிச் சரியான காசு தந்தார். பிறகு, "சில்லறையாக் கிடக்கு அக்கா, ஒரு ஐயாயிரம் தாள் தாறீங்களா?" என்றார். திருவிழா நேரம் சில்லறைக்கு அலைகிற எனக்குக் கரும்பு தின்னக் கூலியா? உடனே தாளை நீட்டினேன். அங்கேதான் பிழை விட்டேன்.

அவர் தந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணினால் எட்டுத்தான்.

"தம்பி, நாலாயிரம்தான் இருக்கு."

"ஐயோ, பிழைச்சுப் போச்சு அக்கா." ஆயிரம் தாள் ஒன்றை வைத்தார். அதே கையோடு நான் கொடுத்த ஐயாயிரத்தையும் அதன்மேல் வைத்தார். "நாலும் ஒண்டும் அஞ்சு, இதோட பத்து. பத்தாயிரமாக்கிப் போடுவமா அக்கா? ரெண்டு ஐயாயிரமாத் தாங்க."

பின்னால் ஒரு பிள்ளை ஐஸ்கிரீமுக்கு அழுகிறது, இன்னொருவர் கற்பூரம் கேட்கிறார். மேசையில் பத்தாயிரம் கண்முன்னே கிடக்கிறது. கொடுத்தேன்.

இரவு கணக்கில் ஐயாயிரம் குறைந்தது. மூன்று தரம் எண்ணினேன். கமராவைப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்கியது: மேசையில் கிடந்த பத்தில் ஐந்து என்னுடைய காசு! என் தாளையே எனக்குத் தந்து, அதற்கும் ஒரு தாள் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கள்ளத்தாளும் இல்லை, கைமாயமும் இல்லை. ஒரு மாற்றல் முடிய முதல் அடுத்ததைத் தொடங்கிப் பேய்க்காட்டிவிட்டான். ஆயிரம் குறையத் தந்ததும் மறதியில் இல்லை, அதுதான் தூண்டில். எங்கள் வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார்; அவருக்கும் கொப்பியில் எழுதிக் காட்டித்தான் விளங்கியது. அதில் மட்டும் எனக்கொரு ஆறுதல்.

இப்போதெல்லாம் வந்த காசை எண்ணி லாச்சிக்குள் போட்ட பிறகுதான் என் தாள் வெளியே வரும். இடையில் "இதையும் சேர்த்து" என்று யாராவது தொடங்கினால், அவர் காசை அவரும் என் காசை நானும் திருப்பி எடுத்து, முதலில் இருந்து. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நேற்று களுவாஞ்சிகுடியிலிருந்து மச்சாள் கோல் எடுத்தா. அவவின் கடைக்கும் ஹெல்மெட்டோடு ஒருவன் வந்து, நாலாயிரத்தை நீட்டிவிட்டு, "பத்தாயிரமாக்கிப் போடுவமா அக்கா" என்று கேட்டானாம்.