நாடா பேண்ட், ஜிப் நைட்டி, இரண்டு பிள்ளைகள்

பனியன் ஊரில் இருந்துகொண்டு மாசமாக இருந்தபோது போட நல்ல துணி கிடைக்கவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு, ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துக்கொள்வது. வீடு அவிநாசிப் பக்கம். காலை முதல் இரவு வரை ஜிஎஸ்எம் (துணியின் எடை), ஷ்ரிங்கேஜ் (துவைத்தால் சுருங்குவது), லைக்ரா (இழுபடும் நூல்) என்றுதான் பேச்சு. அப்படியிருந்தும் 2022-இல் மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கென்று வாங்கியதில் பாதி தப்பு. 2024 டிசம்பரில் மகன் பிறந்தான். அவனுக்கு முதல் பிறந்தநாளும் கழிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டு, துவைத்து, தைத்து, கிழித்துப் பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்த தப்பு கணக்கில்தான். வயிறு வெளியே தெரிவது ஐந்தாம் மாதத்துக்கு மேல். அதாவது நாலைந்து மாதத்துக்குத்தான் தனித் துணி தேவை. பால் கொடுப்பது ஒன்றரை வருஷம். நான் காசையெல்லாம் வயிற்றுக்காகச் செலவழித்துவிட்டு, பாலுக்கு வேண்டியதைக் கைக்குழந்தையோடு அவசரத்தில் வாங்கினேன்.

வயிற்றுக்கென்று வாங்கியது இரண்டு லெக்கிங்ஸ், ஒன்று 749 ரூபாய். வயிற்றை மூடி மார்புக்குக் கீழ்வரை ஏறும் அகலப் பட்டி வைத்தது. 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா. ஆன்லைன் படத்தில் பார்க்க அருமை. மார்ச், ஏப்ரல் வெயிலில் அந்தப் பட்டிக்குள் வேர்த்து வேர்த்து வயிறெல்லாம் வேர்க்குரு. மத்தியானத்துக்கு மேல் சுருட்டி வயிற்றுக்குக் கீழே மடித்து விட்டுக்கொள்வேன். இருபது துவைப்பு ஆனதும் சாம்பிள் ரூம் பழக்கத்தில் ஒரு வேலை செய்தேன். பட்டியில் பேனாவால் பத்து சென்டிமீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, நன்றாக இழுத்து, விட்டு, அளந்தேன். பதினொன்றுக்குப் பக்கம் வந்தது. அது எங்களிடம் சரக்கு வாங்கும் பையரிடம் போயிருந்தால் சரக்கு அப்படியே திரும்பி வந்திருக்கும்.

அதே சமயம் பீரோவில் கிடந்த பழைய நாடா வைத்த காட்டன் சுடிதார் பேண்ட் மூன்றும் ஒன்பதாம் மாதம் வரை கூட வந்தன. நாடாவை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் போதும், வாரத்துக்கு வாரம் தளர்த்திக்கொள்ளலாம். நாடா உள்ளே போய்விட்டால் ஊக்கு குத்தி இழுக்க வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு. மேலே எக்ஸ்எக்ஸ்எல் காட்டன் குர்த்தி, திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அதாவது ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் கடையில் எடுத்தது. மூன்று குர்த்தியும் சேர்த்து ஒரு லெக்கிங்ஸ் விலைதான். தோள் தொங்கும், இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பிடித்தால் சரியாகிவிடும்.

லெக்கிங்ஸை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. மகன் சிசேரியன். தையல் போட்ட இடத்தில் எந்த எலாஸ்டிக்கும் நாடாவும் படக்கூடாதே, அப்போது அந்த இழுபட்ட அகலப் பட்டிதான் தையலுக்கு மேலே ஏறிப்போய் மெத்தென்று நின்றது. இரண்டு வருஷம் மூட்டையில் கிடந்ததை அம்மா தேடிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்தன்று பட்டுச்சேலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்தபோது பாவாடை நாடா பட்ட இடம் கயிறு கட்டியது போலத் தடித்திருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, கயித்த இப்புடி இறுக்கிக் கட்டுனா வகுறு என்னாகறது? பட்டையா ஒண்ணு தெச்சுக்க வேண்டியதுதான?" என்றார். "சரிங்கத்தை" என்று சொல்லி, அடுத்த வாரமே நாடாவை எடுத்துவிட்டு இரண்டு இஞ்ச் அகலத் துணிப்பட்டி வைத்துத் தைத்துக்கொண்டேன். தடிப்பு போய்விட்டது. வயிறு எத்தனை பெருத்தாலும் சேலை இடம் கொடுக்கும், பால் கொடுக்க முந்தானை மறைப்பும் உண்டு. வண்டி ஓட்ட மட்டும் ஆகாது.

அடுத்தது நைட்டி. அதிகம் உழைத்தது இதுதான். ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். அங்கே ஃபீடிங் நைட்டி ஆறு எடுத்தோம், ஒன்று 280 ரூபாய். நெஞ்சுப் பக்கம் இரண்டு மடிப்பு, மடிப்புக்குள் இரண்டு ஜிப். துணியில் குறையே இல்லை. நாலு வருஷமாகத் துவைத்தும் கிழியாமல், சாயம் மட்டும் போய் மெத்தென்று ஆகியிருக்கிறது. ஜிப்தான் சனியன். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிடுகிறது, ஒரு கையில் பிள்ளை, மறுகையால் இழுத்தால் ஜிப் பாதியில் நின்று மடிப்புத் துணியைக் கடித்துக்கொள்ளும். மேலே போகாது, கீழேயும் வராது. ஒருநாள் கத்தரிக்கோலால் வெட்டியே எடுத்தேன். இன்னொரு நைட்டியில் ஜிப்பின் இரும்பு நாக்கு மகளின் கன்னத்தில் கோடு போட்டுவிட்டது. காலையில் பார்த்த அம்மா பூனை பிறாண்டியதோ என்று பதறிவிட்டாள்.

எங்கள் சாம்பிள் டெய்லரிடம் இரண்டைக் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்ததுமே சொன்னார்: "இது இன்விசிபிள் ஜிப்புங்க அக்கா, பாவாடை இடுப்புக்கு வெக்கறது. ராத்திரி பகலா இழுத்தா எப்புடித் தாங்கும்? நைலான் ஜிப்பு அஞ்சாம் நம்பர் போட்டுட்டாச் சரியாப்போயிருமுங்க." ஒரு நைட்டிக்கு அறுபது ரூபாய் ஆனது. இரும்பு நாக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரிப் துணியில் (இழுபடும் பனியன் துணி) சின்ன வால் ஒன்று கட்டிக் கொடுத்தார். இருட்டில் கைக்குத் தட்டுப்படும், பிள்ளையைக் கிழிக்காது. உள்பக்கம் ஜிப் பற்களுக்கு மேல் ஒரு பட்டி வைத்தும் தைத்தார். அந்த இரண்டும் இன்றுவரை ஓடுகின்றன. ஃபீடிங் நைட்டி வாங்கப் போனால் பூவையும் கலரையும் பார்க்காமல் ஜிப்பை இருபது தடவை ஒற்றைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஆபீசுக்கு ஃபீடிங் குர்த்தி என்று ஆன்லைனில் 899 கொடுத்து ஒன்று வாங்கினேன், வெளிர் பச்சை ரேயான். முதல் துவைப்பில் நீளம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. ரேயானைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் தைத்தால் அப்படித்தான். அதைவிடப் பெரிய பிரச்சினை கலர். பத்து மணிக்கு மீட்டிங், வீட்டில் பிள்ளை குடிக்கிற நேரம் அது. நெஞ்சு தானாகச் சுரந்து வெளிர் பச்சையில் இரண்டு வட்டம். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போனேன். அதோடு வெளிர் நிறமும் வெற்றுத் துணியும் வேண்டாம் என்று முடிவு. அடர் நிறத்தில் நெருக்கமான பிரிண்ட் என்றால் நனைந்தாலும் தெரியாது.

பால் கசிவை உறிஞ்ச பிராவுக்குள் வைப்பதுதான் பேட். ஒரு தடவை போட்டு எறிகிறவை விலையும் அதிகம், வெயிலில் ஒட்டிக்கொண்டு அரிப்பும் வரும். கட்டிங் டேபிளில் விழும் இன்டர்லாக் (ஒரு வகைப் பனியன் துணி) கட்பீஸில் பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, உள்ளே ஒரு அடுக்கு டர்க்கி டவல் துணி வைத்து, இருபது தைத்தேன். முதல் ஐந்துக்கு ஓரத்தில் ஓவர்லாக் (பிரியாமல் இருக்க ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல்) போட்டேன், அந்த நூல் உறுத்தித் தாங்கவில்லை. பிறகு உள்பக்கம் தைத்துத் திருப்பிப் போட்டதில் சரி.

ஃபீடிங் பிராவை எட்டாம் மாதமே ஆறு வாங்கி வைத்தது அடுத்த முட்டாள்தனம். பால் இறங்கியதும் அளவு மாறிவிட்டது. இறுக்கமானதையே போட்டுக்கொண்டிருந்து பால் கட்டி, காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்தேன். இரண்டாவது பிள்ளைக்கு முதலில் இரண்டு மட்டும், மூன்று வாரம் கழித்து மீதி. கம்பி வைத்தது வேண்டாம். ஒற்றைக் கையால் கழற்றுகிற கிளிப் இருந்தால் போதும்.

வேலைக்குத் திரும்பியது துணியைவிடப் பெரிய பாடு. அப்போது நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம். நான் முன்னால் இரண்டு வாரம் மட்டும் எடுத்து, மகளுக்கு ஐந்தரை மாதம் ஆனபோது தீபாவளி முடிந்த கையோடு திரும்பினேன். 15 மாதம் வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்றும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருந்தது. அப்போது நான் இருந்த கம்பெனியில் காப்பகத்துக்குப் போர்டு இருந்தது, உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள். பால் எடுப்பதற்கு எனக்குக் கிடைத்தது பட்டன், ஜிப் எல்லாம் வைக்கும் ட்ரிம்ஸ் ஸ்டோர். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பட்டன் மூட்டையை முட்டுக்கொடுத்து உட்கார்வேன். பிரிண்ட் குர்த்தியில் நீள ஜிப் இருந்ததால் மேலே ஒரு துப்பட்டாவோடு பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இடுப்புவரை தூக்குகிற டாப்போடு அந்த அறையில் உட்கார்ந்திருக்கவே முடியாது.

எடுத்த பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு. எங்கள் ஊர் சித்திரைக்கு அது ஒத்துவராது. ஐஸ் பேக் வைத்த சின்னப் பையில் போட்டு, வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜில் வைத்து, நாலு நாளுக்குள் தீர்த்துவிடுவோம்.

எனக்காவது மாதச் சம்பளம், உட்கார ஒரு மூலை. லைனில் பீஸ் ரேட்டில், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைக்கிற பெண்களுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருந்தால் அதிலேயே 26 வாரப் பணம் வரும். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டில் மாறி மாறிப் போகிறவர்களுக்கு அந்த 70 நாள் எங்கேயும் சேருவதில்லை. மாசம் ஆனது தெரிந்ததுமே இஎஸ்ஐ நம்பரைக் கேட்டு வாங்கி, பிடித்தம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வது எந்த நைட்டியையும்விட முக்கியம்.

போன மாதம் என் பழைய துணி மூட்டையை ஓவர்லாக் மெஷினில் இருக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். அவளுக்கு ஆறாம் மாதம். மறுவாரம் லெக்கிங்ஸ் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து, "வேர்க்குதுங்கக்கா, வேண்டாங்க" என்றாள். ஆஸ்பத்திரிப் பையில் போட்டு வை, சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தேன். நைட்டியின் ஜிப்பில் கட்டியிருந்த ரிப் வாலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றவள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன்னுடைய நைட்டி நாலைக் கொண்டுவந்து சாம்பிள் டெய்லர் டேபிளில் வைத்துவிட்டாள்.