உப்புக்காற்றில் ஏழு ஆண்டுகள்: எங்கள் மாடி டிஷ் அசையாமல் நிற்கும் விதம்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறது எங்கள் வீடு. 2009இல் முதல் டிஷ் வைத்தோம். அது எட்டு ஆண்டு இருந்தது, போன விதம்தான் நன்றாக இல்லை. இரண்டாவதை 2018 ஜனவரியில் வைத்தோம். 2025இல் இதை எழுதும்வரை அதன் திசையை ஒருமுறைகூடத் திருத்த வேண்டி வரவில்லை. இரண்டும் ஒரே அளவு டிஷ்தான், அதே 60 சென்டிமீட்டர் தகடு. எதில் மாட்டினோம், எங்கே மாட்டினோம் என்பதில்தான் வித்தியாசம்.

முதல் டிஷ்ஷை மாட்ட வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். படிக்கட்டு அறையின் மேல்தளத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய சின்னச் சுவரில் நான்கு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, ஸ்குரூ முறுக்கினார். "மேல இருந்தாதான் சிக்னல் சுத்தமா கிடைக்கும்" என்றார். அப்பாவும் தலையாட்டினார். அப்பாவின் காலம் ஆண்டெனா காலம். திருவனந்தபுரம் தூர்தர்ஷனுக்கும், காற்று ஒத்துழைத்தால் வரும் இலங்கையின் ரூபவாஹினிக்கும் இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டு உயர்த்தியவர்கள் அவர்கள். உயரம் என்றால் படம் என்று பழகிய மனசு.

2017 நவம்பர் 30, ஓகி புயல். அன்று காலையில் தென்னையும் வாழையும் ரப்பரும் மின்கம்பங்களும் விழுந்ததை இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரியவைக்க வேண்டாம். எங்கள் டிஷ் சுவரின் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு பக்கத்து வீட்டு அடுக்களை ஓட்டின்மேல் போய் விழுந்தது. ஐந்து ஓடுகள் உடைந்தன. அடுப்படியில் அப்போது ஆள் இல்லாதது எங்கள் பாக்கியம். அதன்பின் பல நாள் கரண்டே இல்லை. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்து ஊர் ஊராகக் கரையில் நின்றுகொண்டிருந்த நாட்களில் டிவியைப் பற்றி யார் நினைப்பார்கள்? டிசம்பர் கடைசியில்தான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

நான்கு ஸ்குரூவில் இரண்டு உப்பில் கரைந்து ஊசி மாதிரி ஆகியிருந்தன. மற்ற இரண்டும் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்திருந்தன. பிளக் செங்கல்லில் பிடிக்கவே இல்லை, பூச்சில்தான் நின்றிருக்கிறது. ஓகி வந்து அதைத் தள்ளியது, அவ்வளவுதான். சாதாரண ஆடிக் காற்றுகூட இன்னும் ஓரிரு ஆண்டில் அந்த வேலையைச் செய்திருக்கும். அந்த ஓட்டின்கீழ் பக்கத்து வீட்டு அம்மை தினமும் நின்று சமைக்கிறார் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவது முறை நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் டிஷ் பார்ப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை. நம் மாவட்டம் பூமத்திய ரேகையிலிருந்து எட்டு டிகிரிதான் வடக்கே இருக்கிறது. அதனால் அந்தச் செயற்கைக்கோள் நமக்குக் கிட்டத்தட்ட உச்சியில், தொடுவானத்திலிருந்து சுமார் 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. திசை, நேர் கிழக்கிலிருந்து 26 டிகிரி தெற்கே. இவ்வளவு உயரத்தில் இருப்பதைப் பார்க்க டிஷ் எதன்மேலும் ஏறி நிற்க வேண்டியதில்லை. டிஷ்ஷைவிட 50 அடி உயர்ந்த தென்னைகூட 20 அடி தள்ளி நின்றால் மறைக்காது. மூன்றடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டடி விலகினால் போதும். ஆக, தொட்டி உயரத்துக்கு ஏற்றியதில் எங்களுக்குக் கிடைத்தது காற்று மட்டும்தான்.

இன்னொரு வசதியும் தெரிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம்மை அடிக்கும் காற்று மேற்கிலிருந்து வருகிறது, செயற்கைக்கோளோ கிழக்குப் பக்கம் நிற்கிறது. அப்படியானால் படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவருக்கு முன்னால், மாடித் தரையிலேயே டிஷ் நிற்கலாம். காற்றைச் சுவர் வாங்கிக்கொள்ளும், வானம் திறந்தே இருக்கும்.

இடம் சரிதானா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை 11 மணி சுமாருக்கு, சூரியன் நமக்கு அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அந்த நாட்களில் சில நிமிடம் படம் உடைவதும் அதனால்தான். அப்போது மாடியில் போய் நின்று, டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுகிறதா, மர நிழல் விழுகிறதா என்று பாருங்கள். வெயில் விழும் இடத்தில் சிக்னலும் கிடைக்கும். குலசேகரத்தில் மாமா வீட்டில் ரப்பரும் அயனி மரமும் சூழ்ந்திருக்கும். அங்கே இப்படிப் பார்த்துத்தான் முற்றத்தில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்து, எதில் நிறுத்துவது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 16 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளுவது நான்கு மடங்காகும். 16 கிலோ சின்னதாகத் தெரியலாம். ஆனால் அது ஒரே சீராகத் தள்ளாது, விட்டுவிட்டு, ஆட்டி ஆட்டித் தள்ளும். அதைப் பூச்சுச் சுவரும் நாலு அங்குலக் கைப்பிடிச் சுவரும் தாங்காது. தளத்தில் துளை போடவும் எனக்கு மனமில்லை. தட்டோடுகள் பதித்த மாடியில் ஒரு துளை போட்டால் கீழே அறையில் ஒழுக்கு வர ஒரு மழைக்காலம் போதும்.

எங்கள் கொத்தனாரிடம் சொன்னேன். "தம்பி, ஓட்டை போடாண்டாம். கனமா ஒரு கட்டை வார்த்து வச்சிருவோம், அது எங்கயும் போகாது" என்றார். இரண்டடிக்கு இரண்டடி, அரை அடி கனம். கம்பி கட்டி, ஜல்லி கலந்து வார்த்தார். 130 கிலோவுக்குக் குறையாது. அவ்வளவு எடையைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே அறைச் சுவர் வரும் இடம் பார்த்து வைத்தோம். கட்டைக்குள் இரண்டு அங்குல ஜிஐ பைப். பைப்பின் அடியில் குறுக்காக ஒரு கம்பியை வெல்டிங் வைத்தது வெல்டிங் பட்டறைக்காரரின் யோசனை. அது இல்லாவிட்டால் காற்றில் பைப் கட்டைக்குள்ளேயே மெல்லத் திரும்பிவிடும். பைப் காங்கிரீட்டுக்குமேல் இரண்டடிதான். வாய்க்கு மூடி போட்டோம், மழைநீர் உள்ளே தேங்காமல் இருக்க.

பைப் நட்டுக்குத்தாக நிற்பது மிக முக்கியம். தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் பார்த்து, ஈரம் காய்வதற்குள் திருத்தினோம். அது சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் குறித்திருக்கும் டிகிரி எதுவும் சரியாக வராது. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் காயவிட்ட பிறகே டிஷ்ஷை ஏற்றினோம்.

போல்ட் விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன். டிஷ்ஷோடு பெட்டியில் வரும் பளபளப்பான போல்ட்டுகளுக்கு மேல்பூச்சு மெல்லியது. நாகர்கோவில் டவுனில் சில ஆண்டு தாங்கலாம். கடற்கரையில் இரண்டாம் ஆண்டே பழுப்பு இறங்கிவிடும். நான் அவற்றை அப்படியே வீட்டில் வைத்துவிட்டு, குளச்சலில் படகுச் சாமான் விற்கும் கடையில் 316 ரகத் துருவேறா எஃகு போல்ட் வாங்கினேன். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகத்தைவிட அது உப்பைத் தாங்கும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் துருவேறா எஃகு தன்னைத் தானே கடித்துக்கொண்டு பிறகு கழற்ற வராது. சிமெண்ட், பைப், போல்ட், கூலி எல்லாம் சேர்ந்து எனக்கு 2,400 ரூபாய் ஆனது. உடைந்த ஓட்டுக்கும் புது டிஷ்ஷுக்கும் கொடுத்ததைப் பார்த்தால் இது பெரிய தொகை இல்லை.

திசை சரிசெய்து முடித்ததும், டிஷ்ஷைப் பைப்பில் பிடிக்கும் கிளாம்பிலிருந்து பைப் வரை குறுக்காக ஒரு கோடு பெயிண்டில் போட்டேன். டிஷ் நகர்ந்தால் கோடு முறிந்து தெரியும். டிவி திரையில் காட்டும் சிக்னல் தரம் எத்தனை என்பதையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்தேன். ஒரு டிகிரி என்பது இந்த டிஷ்ஷின் விளிம்பில் அரை சென்டிமீட்டர். ஒன்றரை டிகிரி விலகினால் சிக்னலில் பாதி போய்விடும். வானம் தெளிந்த வெயில் நாளில் எண் குறைந்திருந்தால் டிஷ் நகர்ந்திருக்கிறது. பலத்த மழையில் படம் போய், மழை விட்டதும் தானே வந்தால் அது மழையின் வேலை. மாடிக்கு ஓட வேண்டாம்.

ஏழு ஆண்டில் செலவு வைத்தவை வேறு. 2021இல், டிஷ்ஷின் முன்னால் நீட்டி நின்று சிக்னலை வாங்கும் எல்என்பியில் மாட்டும் கனெக்டருக்குள் பச்சை பூத்துவிட்டது. கேபிள் நுனியை வெட்டி, புது கனெக்டர் போட்டு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன், நீர் அங்கே சொட்டிவிடும். அணில் ஒருமுறை கேபிளைக் கடித்தது. இப்போது பிவிசி பைப்புக்குள் ஓடுகிறது. நான்காம் ஆண்டில் டிஷ் விளிம்பில் துரு தெரிந்தது. தேய்த்து, துத்தநாக பிரைமரின்மேல் பளபளப்பில்லாத சாம்பல் பெயிண்ட் மெல்லிசாக அடித்தேன். மினுங்கும் பெயிண்ட் அடித்தால், நான் மேலே சொன்ன மார்ச் நாட்களில் வெயில் குவிந்து எல்என்பியைச் சுட்டுவிடும். இடி இடித்தால் கேபிளைச் செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுகிறோம். பைப்பையும் எர்த்தோடு இணைத்திருக்கிறேன்.

அக்கா வீடு ஆரல்வாய்மொழியில். அங்கே உப்பு இல்லை, துரு குறைவு. ஆனால் கணவாய்க் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கிற ஊர்ப்பக்கம் அது. என் பாணியிலேயே கட்டை வார்த்து அத்தான் டிஷ் வைத்தார். ஒரே சீசனில் நட்டெல்லாம் தளர்ந்துவிட்டது. கட்டை அசையவில்லை, டிஷ்தான் மாதக்கணக்கில் நடுங்கியிருக்கிறது. நைலான் வளையம் வைத்த நட் மாற்றி, டிஷ்ஷின் பின்புறத்திலிருந்து பைப்பின் அடிக்கு இரண்டு தாங்குகம்பி கொடுத்த பிறகு நின்றது. அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் தாங்குகம்பியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

மே மாதக் கடைசி ஞாயிறு என் மாடி நாள். மழை தொடங்கும் முன், பாசி வழுக்காத நேரத்தில் ஏறுகிறேன். கோட்டைப் பார்ப்பது, ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் தொட்டுப் பார்ப்பது, பைப் காங்கிரீட்டில் நுழையும் இடத்தில் துருவைச் சுரண்டி பெயிண்ட் வைப்பது, 20 நிமிட வேலை. இந்த மே மாதமும் கோடு முறியவில்லை. ஒரு போல்ட்டில் மட்டும் கால் சுற்று இறுக்கினேன். கீழே வந்ததும் பக்கத்து வீட்டு அம்மை, "மக்கா, உறுதியா இருக்கா?" என்று அடுக்களை ஜன்னல் வழியாகக் கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.