ஸ்டாக் ஆண்ட்ராய்டா, ஸ்கின்னா? இரண்டிலும் புழங்கிய அனுபவம்

கூகுள் தருகிறபடியே, பெரிய மாற்றமில்லாமல் வரும் ஆண்ட்ராய்டு ‘ஸ்டாக்’; போன் நிறுவனம் அதன் மேல் தன் தோற்றத்தையும் வசதிகளையும் ஏற்றித் தருவது ‘ஸ்கின்’. “ஸ்டாக் ஆண்ட்ராய்டுதான் நல்லது” என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இப்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டையும் ஆண்டுக்கணக்கில் அன்றாடம் பயன்படுத்திய பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பின்னணியில் ஓடும் செயலிகளை அந்த போன் நிம்மதியாக ஓட விடுகிறதா, இல்லையா?

நான் முதலில் நெடுநாள் வைத்திருந்தது ஷாவ்மியின் மி ஏ1. எம்ஐயூஐ என்ற தன் ஸ்கின்னுக்குப் பெயர்போன நிறுவனம், 2017-இல் அதைக் கழற்றிவைத்துவிட்டு, ஸ்டாக் ஆண்ட்ராய்டோடு போன் விற்கும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தில் விற்ற போன் அது. கூகுளின் செயலிகள், ஷாவ்மியின் கேமரா, டிவி ரிமோட்டுக்கு ஒரு செயலி, அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு 7.1-இல் வந்தது 9 வரை ஏறியது. விளம்பரம் கிடையாது, வேண்டாத அறிவிப்பு கிடையாது. அந்த அமைதியை இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் நீளமான ஒரு பக்கத்தை உருட்டி ஒரே ஸ்க்ரீன்ஷாட்டாக எடுக்க அதில் வழியில்லை. சாம்சங் 2015-இலேயே தன் கேலக்ஸி நோட் 5 போனில் கொடுத்த அந்த வசதி, ஸ்டாக் ஆண்ட்ராய்டுக்கு 2021-இல், 12-ஆம் பதிப்பில்தான் வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து இரு செயலிகளை ஓட்டுவதும் அப்படியே: நோட் 2-இல் 2012, ஸ்டாக்கில் 2016. கூகுள் பின்னாளில் எடுத்துக்கொண்ட பல வசதிகள் ஸ்கின்களில்தான் முதலில் புழக்கத்துக்கு வந்தன. அவற்றைக் குப்பை என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

அடுத்து வாங்கியது, வேறொரு நிறுவனம் தன் விருப்பத்துக்கு நிறைய மாற்றியிருந்த போன். அதை அம்மாவுக்குக் கொடுத்தபோதுதான் வேதனை. ரத்த அழுத்த மாத்திரைக்கு நினைவூட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்தேன். இரண்டு நாள் ஒலித்தது, பிறகு மௌனம். செயலியைத் திறந்தால் மட்டும் விடுபட்டவை எல்லாம் வரிசையாக வந்து விழும். பேட்டரியைச் சேமிக்க, போன் சும்மா கிடக்கும்போது பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும் டோஸ் (Doze) என்ற ஏற்பாடு ஆண்ட்ராய்டிலேயே 6.0 முதல் உண்டு. அது போதாதென்று சில நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கட்டுப்பாட்டையும் மேலே ஏற்றுகின்றன. செயலி கட்டாயமாக நிறுத்தப்பட்டால், அது பதிந்துவைத்த அலாரங்களும் ரத்தாகிவிடும். மறுபடி நாம் திறக்கும்வரை உயிர் வராது. பேட்டரிப் பக்கத்தில் ‘கட்டுப்பாடு இல்லை’, இன்னொரு மூலையில் ‘தானாகத் தொடங்கு’, சமீபத்திய செயலிகள் திரையில் ஒரு பூட்டு என்று மூன்று இடங்களில் அனுமதி கொடுத்த பிறகே அது ஒழுங்காக ஒலித்தது. பெரிய அப்டேட் ஒன்று வந்ததும் அந்த அமைப்புகள் பழைய நிலைக்கே திரும்பின. பேட்டரி அரை நாள் கூடுதலாக நிற்பதற்கு ஒருவரின் மாத்திரை நேரத்தை விலையாகக் கேட்பது தவறு.

இப்போது என்னிடம் இருப்பது சாம்சங்கின் கேலக்ஸி ஏ53. அதில் உள்ள ஒன் யூஐயும் ஸ்கின்தான். ஆனால் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு மேல்பாதியில் பெரிதாக நிற்கிறது, தொட வேண்டியவை கீழ்ப்பாதியில், கட்டைவிரல் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு இதன் அருமை தெரியும். உறங்க வைக்கக் கூடாத செயலிகளுக்கு ஒரே பட்டியல். மாத்திரைச் செயலியை அதில் சேர்த்தேன், வேலை முடிந்தது.

அப்டேட்டுக்காகவே ஸ்டாக் என்ற பழைய வாதமும் விலை உயர்ந்த போன்களில் இன்று நிற்காது. 2023-இல் தன் பிக்ஸல் 8 போனுக்கு கூகுள் 7 ஆண்டு அப்டேட் என்றது. 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. குறைந்த விலைப் போன்களில்தான் ஆளுக்கொரு கணக்கு. அதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் இரவே, நீங்கள் நம்பியிருக்கும் செயலியில் காலை நேரத்துக்கு ஒரு நினைவூட்டல் வைத்துவிட்டு, போனைத் தொடாமல் விடுங்கள். ஒலிக்காவிட்டால், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.